நெல்லைச் சீமையிலிருந்து பொருளியலில் பிஎச்.டி.: பதிவுக்கு முந்தைய ஆறு மாதத்திலிருந்து வாய்மொழித் தேர்வு வரை

எம்.ஏ. முடித்த கையோடு பிஎச்.டி. செய்யலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது, "கைடு யாராவது கிடைப்பாங்களா?" என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது முதல் கேள்வி. அதற்கான தரவு நம் கைக்கு வந்து சேருமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் பதிவு செய்துவிட்டு, நான்காம் ஆண்டில் தலைப்பை மாற்ற விண்ணப்பம் எழுதுகிறவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. திறமைக் குறைவால் அவர்கள் தடுக்கி விழவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததால் விழுந்தார்கள். அதனால் பதிவுக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு இந்தக் கட்டுரையில் இடம் கூடுதலாகவே இருக்கும்.

தகுதியும் கால அளவும்

2022 நவம்பரில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள்தான் இப்போது அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்கு ஆண்டு இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதம் எடுத்திருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். படிப்பை இந்த விதிமுறைகள் நிறுத்திவிட்டன. "முதலில் எம்.ஃபில். பண்ணு" என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

பாடப் படிப்பையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு நீட்டலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். திருமணம், பிரசவம் என்று சொல்லிப் பாதியில் நின்றுபோன பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பேசிப் பெற வேண்டிய சலுகையாக இதை நினைக்காதீர்கள். இது விதியிலேயே இருக்கிறது.

வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் செய்யலாம். அதற்கு நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் வகையில்தான் இவரது பணி இருக்கிறது, தேவைப்பட்டால் பாடப் படிப்புக்கு விடுவிப்போம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரிச் சான்று திரும்பி வந்துவிடும். தொலைதூரக் கல்வியிலோ இணைய வழியிலோ பிஎச்.டி. பெறுவதற்கு விதியில் இடமே இல்லை. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் பணம் கட்டாதீர்கள்.

நெட் தேர்வு: காசும் கதவும்

நெட் என்பது யு.ஜி.சி.யின் தேசியத் தகுதித் தேர்வு. 2024 ஜூன் முதல் அதன் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையோடு தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை போடுவார்கள். அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். தேர்வு எழுதிய பிறகு "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளினால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாமல் எழுதுங்கள். பொருளியல் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நம் மாணவர்கள் இந்தியப் பொருளாதாரம், பொது நிதி, பணமும் வங்கியும் ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். மதிப்பெண் போவது கணிதப் பொருளியலிலும் புள்ளியியல்–பொருளியல் அளவையிலும்தான். முதல் தாளையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அதில் வரும் தரவு விளக்கக் கேள்விகளுக்குப் பயிற்சி இருந்தால் போதும், பொருளியல் மாணவர்களுக்கு அவை கைக்கு அடக்கம்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்கள் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு, பதிவு முடிந்த பிறகு விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் உண்டு.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று. நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மாநில அரசுக்குரியது. நெட் விண்ணப்பத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்று தனியாக வேண்டும். இ–சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். தேர்வில் தேறியும் இந்தக் காகிதத்தால் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. விண்ணப்பம் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி வையுங்கள்.

எங்கே சேர்வது

அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. அதற்கு முன் நம் கல்லூரிகள் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பழைய ஆய்வேடுகளைத் தேடும்போது இது நினைவில் இருக்கட்டும், 1990-க்கு முந்தைய நெல்லை ஆய்வுகள் மதுரையில் கிடக்கும். பல்கலைக்கழகத் துறையிலேயே சேரலாம், அல்லது பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளின் ஆய்வு மையங்களில் சேரலாம். கல்லூரி என்றால் இரண்டைச் சரிபாருங்கள்: அந்தத் துறை பல்கலைக்கழகம் அங்கீகரித்த பொருளியல் ஆய்வு மையமா, அந்த ஆசிரியர் அங்கீகரிக்கப்பட்ட நெறியாளரா. கல்லூரிக்குப் பெரிய பேர் இருக்கிறது என்பது இந்த இரண்டுக்கும் பதில் ஆகாது.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. 1970-ல் தொடங்கியது. பொருளியலில் நாட்டின் முன்வரிசை நிறுவனங்களில் ஒன்று, நாகர்கோவில் வழியாக ரயிலில் அரை நாளுக்குள் போய்விடலாம். சென்னையில் மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஐ.ஐ.டி.யின் மனிதப்பண்பியல், சமூக அறிவியல் துறை. மும்பையில் ரிசர்வ் வங்கி நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்காமலே "நமக்குக் கிடைக்காது" என்று முடிவு கட்டிவிடுவது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. கிடைக்காமல் போகலாம். விண்ணப்பித்தால் செலவு கொஞ்சம் காசு, கொஞ்சம் நேரம். அவ்வளவுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்றால் கணக்கு வேறு. ஐந்து ஆறு ஆண்டு ஆகும். முதல் இரண்டு ஆண்டு கடுமையான பாடங்கள், அதன்பின் தகுதித் தேர்வு. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் முடியும். கட்டண விலக்கோடு உதவித்தொகையும் தருவார்கள். அவர்கள் பார்ப்பது கணிதப் பாடங்களும், ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வின் கணித மதிப்பெண்ணும், உங்களோடு ஆய்வு செய்தவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களும்.

கேள்வியைக் கூர்மையாக்குவது

"தாமிரபரணிப் பாசனப் பகுதி விவசாயிகளின் பிரச்சினைகளும் வாய்ப்புகளும் – ஓர் ஆய்வு." இப்படி ஒரு தலைப்போடு வருகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த விடை வந்தால் நீங்கள் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? இந்தத் தலைப்புக்கு அப்படி ஒரு விடையே கிடையாது. எது வந்தாலும் பிரச்சினையும் இருக்கும், வாய்ப்பும் இருக்கும். அப்படியானால் அங்கே கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

அதே நிலத்தில் நின்று இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பது தள்ளிப்போகும் ஆண்டுகளில், கன்னடியன் கால்வாயின் கடைமடை விவசாயிகள் தலைமடைக்காரர்களைவிடக் கூடுதலாக நெல்லை விட்டு வாழைக்குப் போகிறார்களா? இப்போது எல்லாம் அளக்கக்கூடியதாகிவிட்டது. தண்ணீர் திறந்த தேதி நீர்வளத் துறையிடம் இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் இருக்கிறது. மடையின் தூரத்தை வரைபடத்தில் அளந்துவிடலாம். விடை "இல்லை" என்றுகூட வரலாம், வந்தாலும் அது கண்டுபிடிப்புதான்.

அடுத்த படி, உங்கள் கேள்வியை நீங்களே எதிர்த்துப் பேசுவது. கடைமடை ஊர்கள் தண்ணீரால் மட்டுமா வேறுபடுகின்றன? மண் வேறாக இருக்கலாம். வாழைத்தார் ஏலம் நடக்கும் சந்தைக்குப் பக்கமாக இருக்கலாம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் அதிகமாக இருந்து, ஆள் குறைவாகத் தேவைப்படும் பயிரைத் தேர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்துக் காட்டும் வழி உங்களிடம் இருக்கிறதா? மேலே சொன்ன கேள்வியில் ஒரு வழி ஒளிந்திருக்கிறது. ஊரின் மண்ணும் சந்தைத் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறாது, தண்ணீர் திறக்கும் தேதி மாறும். ஒரே ஊரை நல்ல ஆண்டிலும் தாமதமான ஆண்டிலும் ஒப்பிட்டால் மாறாதவை எல்லாம் கழிந்துவிடும். நிலை விளைவு மாதிரி என்று வகுப்பில் படிப்பது இதைத்தான். வெளிநாட்டுப் பணம் மட்டும் கழியாது, அது ஆண்டுதோறும் மாறும். அதற்கு வேறு ஏற்பாடு யோசிக்க வேண்டும். இந்த யோசனையை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டீர்களானால் உங்கள் ஆய்வுத் திட்டத்தில் பாதி முடிந்தது.

நம் மண் இதற்கு வளமானது. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்து 1918-ல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று நம் கங்கைகொண்டான். 1930-களிலும் 1980-களிலும் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. ஒரே ஊரைப் பற்றி நூறாண்டுத் தூரத்துக்குப் பதிவு இருப்பது எவ்வளவு அரிது என்பதைப் பொருளியல் படித்தவர்கள் உணர வேண்டும். ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பீடித் தொழில், உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி உப்பளம், கயத்தாறு–பணகுடிக் காற்றாலை நிலங்கள், பத்தமடைப் பாய், கோவில்பட்டித் தீப்பெட்டி என்று ஒவ்வொன்றிலும் கூலி, கடன், சந்தை, பெண்ணுழைப்பு பற்றி இன்னும் விடை காணாத கேள்விகள் கிடக்கின்றன.

நெறியாளர்

இப்போதுதான் நெறியாளரைத் தேட வேண்டும். ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இதைக் கேட்காமல் ஆறு மாதம் ஒருவர் பின்னால் அலைந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே காலியிடத்தையும் ஓய்வுபெறும் ஆண்டையும் பணிவாகக் கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

போவதற்கு முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவரிடம் ஆய்வு செய்து முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டைத் திறந்து பாருங்கள். பின்னிணைப்பில் வினாப்பட்டியல் இருக்கிறதா? அட்டவணைகளுக்குப் பின் வெறும் சதவீதம்தானா, ஏதாவது சோதித்திருக்கிறார்களா? பதிவுக்கும் சமர்ப்பிப்புக்கும் நடுவே எத்தனை ஆண்டு? ஆள் எப்படி என்று பத்துப் பேரிடம் விசாரிப்பதைவிட இது தெளிவாகச் சொல்லும். அவரது மாணவர் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள், ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வரும் என்று மட்டும் கேளுங்கள். முதல் சந்திப்புக்கு இரண்டு பக்கக் குறிப்போடு போங்கள்: கேள்வி, ஏன் அது முக்கியம், தரவு எங்கே, எப்படிச் சோதிப்பது.

பாடப் படிப்பு, கணிதம், மென்பொருள்

பாடப் படிப்பு குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைப் பாடமும் இதில் அடக்கம். 55 சதவீதம் எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். தேர்வை முடித்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றும் கை வராமல் இன்றைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக்கூட முழுசாக வாசிக்க முடியாது. ஸ்வயம் தளத்தில் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. தினம் ஒரு மணி நேரம், கையில் பென்சிலோடு, ஆறு மாதம். பார்த்துக்கொண்டே போனால் ஒன்றும் ஒட்டாது, கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மென்பொருளில் ஸ்டாட்டா காசு கொடுத்து வாங்குவது. ஆர், பைத்தான் இலவசம். ஏதாவது ஒன்றை நன்றாகப் பழகுங்கள். எக்செலில் மட்டும் வேலை செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்: எந்தக் கட்டத்தில் எதை மாற்றினோம் என்பதற்கு அங்கே தடயம் இருக்காது. இரண்டு ஆண்டு கழித்து ஆய்வுக் குழு "இந்த 0.34 எப்படி வந்தது?" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாது. மூலக் கோப்பைத் தொடவே கூடாது. நிரல் எழுதி, அதன் வழியாக மட்டுமே மாற்ற வேண்டும். பதில் கிடைக்காத இடத்தில் −99 என்று குறியிட்டுவிட்டு, அதையும் சேர்த்துச் சராசரி எடுத்த ஆய்வேடுகள் இருக்கின்றன. சராசரி நில அளவு வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்திருந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைகள் மலைப்பாக இருக்கும். ஒரு கட்டுரையை மூன்று முறை வாசியுங்கள்: முதலில் அறிமுகமும் முடிவும், பிறகு அட்டவணைகள் மட்டும், கடைசியாக முழுதும். ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே, அது என்ன சொல்கிறது என்று தமிழில் மூன்று வரி எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் விஷயம் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். ஐம்பது கட்டுரை இப்படிப் படித்தவருக்கு ஆங்கிலம் தடையாக நிற்காது.

இருக்கிற தரவை எடுத்தல்

தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளின் வீட்டு அளவிலான தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். 2017–18 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2022–23, 2023–24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புகள் என எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை உண்டு. பல சுற்றுகளில் அந்த எண்ணை 100-ஆலோ 200-ஆலோ வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கூடவே வரும் குறிப்புக் கோப்பை வரி வரியாக வாசியுங்கள். எடை போடாமல் எடுத்த சராசரி தமிழ்நாட்டைக் குறிக்காது, மாதிரியில் விழுந்த வீடுகளை மட்டுமே குறிக்கும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு பெரிய பொறி இருக்கிறது: எல்லை. 1956-ல் செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "திருநெல்வேலி" என்று இருக்கும் சுமார் 30.77 லட்சம் பேரில் இன்றைய தென்காசியும் அடங்கும். 1981-ல் தூத்துக்குடியும் உள்ளே. இந்த எண்களை ஒரே கோட்டில் அடுக்கி வளர்ச்சி விகிதம் போட்டால் ஊர் சுருங்கியதாக விடை வரும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றும் 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்டங்களைக் கொண்டது, அதில் தென்காசி தனியாக இருக்காது. வட்டம், ஒன்றியம் அளவிலான எண்களைக் கூட்டி ஏதாவது ஓர் ஆண்டின் எல்லைக்குள் எல்லாவற்றையும் கொண்டுவருவதுதான் வழி. இதற்கே ஒரு மாதம் ஆகும். அதைக் கால அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது பொறி பசலி. வருவாய்த் துறைக் கணக்கு ஜூலை 1-ல் தொடங்கும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பசலி தொடங்கும் கிறிஸ்தவ ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் கிடைத்துவிடும். காருக்கு அடுத்த பருவமான பிசானம் ஒரே பசலிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஜூனில் விதைத்த கார் நெல்லை எந்தப் பசலியில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து கேட்டு உறுதி செய்யுங்கள். இங்கே ஓர் ஆண்டு தவறினால் தண்ணீர் திறந்த தேதியோடு பொருத்தும்போது எல்லாம் தலைகீழாகும்.

அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய், 30 நாள். "எல்லா விவரமும் தருக" என்று எழுதினால் எதுவும் வராது. கால்வாயின் பெயர், ஆண்டுகள், பதிவேட்டின் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

களத்தில்

மாதிரி அளவு 384 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது ஒரு நோய் போலப் பரவியிருக்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள்: 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384. ஒரு விகிதத்தை 5 சதவீதப் புள்ளிப் பிழைக்குள் மதிப்பிட, முற்றிலும் சீரற்ற முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்தால்தான் இது பொருந்தும். நாம் செய்வது வேறு. சில ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் இருபது வீட்டுக்குப் போகிறோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள், அதனால் இருபதாவது வீடு சொல்லும் புதுச் செய்தி குறைவு. அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்துக்கொண்டால் பெருக்கு எண் 1 + (20 − 1) × 0.05 = 1.95. தேவை 749 வீடு, 38 ஊர். ஊருக்குப் பத்து வீடு என்று குறைத்தால் பெருக்கு எண் 1.45, 557 வீடு, 56 ஊர். வீடு குறைகிறது, பஸ் பயணம் கூடுகிறது. ஒரு பேட்டிக்கு முக்கால் மணி நேரம், ஒருவர் நாளைக்கு ஐந்து வீடு என்றால் 749-க்கு 150 நாள், 557-க்கு 112 நாள். இந்தக் கணக்கை முதல் ஆண்டிலேயே நெறியாளர் முன்னால் வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

வினாப்பட்டியலில் என்ன தவறும் என்பதற்குப் பீடிச் சுற்றும் வீடு ஒன்றே போதும். "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு தோராய எண் வரும், அதற்கு மதிப்பே இல்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கடையில் கொடுக்கும் இலை போதாமல் சொந்தக் காசில் இலை வாங்குவார்கள். சரியில்லை என்று கழித்துத் தள்ளும் பீடிக்குக் கூலி கிடையாது. ஒரே பாஸ்புக்கில் தாயும் மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றுவார்கள், பதிவில் ஒரு பெயர்தான் இருக்கும். எனவே திண்ணையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பவரிடம், "போன வாரம் கடையில எத்தன ஆயிரம் குடுத்திய ஆச்சி?" என்று தொடங்குங்கள். எத்தனை கழிந்தது, வெளியில் இலைக்கு எவ்வளவு போனது, யார் யார் சுற்றினார்கள் என்று ஒவ்வொன்றாக. கூட்டலும் கழித்தலும் உங்கள் வேலை. கை ஓடிக்கொண்டே பேசுவார்கள், சுற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் எடுக்கும் முக்கால் மணி நேரம் அவர்களுக்குக் கூலி.

நில அளவும் அப்படித்தான். பட்டாவில் ஹெக்டேர்–ஏர் இருக்கும், ஒரு ஏர் 2.47 சென்ட். பேச்சில் ஏக்கரும் சென்டும் வரும். பெரியவர்கள் "ரெண்டு கோட்டை விதைப்பாடு" என்பார்கள். கோட்டை ஊருக்கு ஊர் மாறும், ஆகவே அவர்கள் சொன்ன அலகை அப்படியே எழுதி, "அது எத்தனை சென்ட் வரும் அண்ணாச்சி?" என்று அடுத்த வரியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 25 வீட்டில் முன்னோட்டம். அந்த வீடுகளை முதன்மை ஆய்வில் சேர்க்க வேண்டாம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் கைபேசியிலேயே பதியலாம், இணைப்பு இல்லாத ஊரிலும் வேலை செய்யும். இரவில் வீட்டுக்கு வந்ததும் அன்றைய பதிவுகளைச் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் எந்த வீடு எது என்பதே மறந்துபோகும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் களத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு வீடு வீடாகப் படிவத்தோடு போகாதீர்கள், சந்தேகப்படுவார்கள். அறுவடை வாரத்திலும் ஊர்க் கோயில் கொடை விழாவின்போதும் ஆள் கிடைக்காது. கொடை எப்போது என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எழுத்தும் வெளியீடும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்க வேண்டும். அந்தத் தேதியைக் கெடுவாக வைத்து ஒவ்வொரு முறையும் ஓர் அத்தியாய வரைவைக் கொடுங்கள். எழுதும் வரிசை புத்தகத்தில் அச்சாகும் வரிசையில் இருக்க வேண்டியதில்லை. தரவும் முறையும் முதலில், முடிவுகள் அடுத்து, அறிமுகம் கடைசியில்.

நகல் சோதனையில் 2018 யு.ஜி.சி. விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை. 60-க்கு மேல் பதிவு ரத்து. காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்கிறவர்களிடம் சிக்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் உங்கள் அட்டவணையை நீங்களே விளக்க முடியாமல் நிற்பீர்கள். அந்த ஆய்வேடு காலத்துக்கும் இணையத்தில் உங்கள் பெயரில் கிடக்கும்.

2022 விதிமுறையில் சமர்ப்பிப்புக்கு முன் கட்டாய வெளியீடு என்ற நிபந்தனை இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், பதிவின்போதே கேளுங்கள். யு.ஜி.சி. கேர் இதழ்ப் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது, ஆகவே இதழின் தரத்தை நீங்களே பார்க்க வேண்டும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அழித்துவிடுங்கள். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, வேளாண் பொருளியல், தொழிலாளர் பொருளியல் சங்கங்களின் இதழ்கள் ஆகியவற்றுக்கு அனுப்புங்கள். மறுத்தாலும் சில நேரம் மதிப்பீட்டாளர் குறிப்பு வரும். அது காசு கொடுத்தாலும் கிடைக்காதது.

சமர்ப்பிப்பும் வாய்மொழித் தேர்வும்

சமர்ப்பிப்புக்கு முன் துறையில் ஒரு கருத்தரங்கு. பிறகு ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளி மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவருக்கு அனுப்புவார்கள், அவரும் வேண்டாம் என்றால் நிராகரிப்பு. மொத்த மதிப்பீடும் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. இந்த ஆறு மாதம் உதவித்தொகை இருக்காது என்று எண்ணிக் கையில் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் வருவது நான்கு கேள்விதான். ஏன் இந்த ஊர்கள்? ஏன் இந்த முறை? இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா? இன்னொரு மாவட்டத்துக்கு இது பொருந்துமா? மூன்றாவதுக்கு, கேள்வியைக் கூர்மையாக்கியபோது உங்களை நீங்களே எதிர்த்து எழுதிய அந்த ஒரு பக்கம் கை கொடுக்கும். எடுத்துச் செல்லுங்கள்.

தேர்வு முடிந்ததும் மின்பிரதி ஷோத்கங்காவுக்குப் போகும். பெயர் நீக்கிய தரவையும் நிரல்களையும் வினாப்பட்டியலையும் ஒரே கோப்புறையில் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, ஆய்வு செய்த ஊர்களின் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடைமடைக்காரர்கள் தங்கள் ஊர் எண்ணை விரலால் தேடிப் பார்ப்பார்கள், தப்பு இருந்தால் அங்கேயே சொல்வார்கள். கட்டுரையாக வெளியிடுவதற்கு முன் அந்தத் திருத்தத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.